பதம் தவறுமுன் பாட்டரியைப் பாருங்கள்: டிராக்டர், லாரி, கார்களில் மின் கோளாறுகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி விவசாயிக்கு ஆண்டில் சில நாட்களே உயிரான நாட்கள். பருவமழையில் நனைந்த கரிசல் மண், கால் புதையும் நிலை நீங்கி, ஈரம் வற்றிப் போகாமலும் இருக்கும் நாட்கள் அவை. இதைத்தான் பதம் என்கிறோம். பதத்துக்கு முன் இறங்கினால் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பதம் தவறினால் மேல்மண் இறுகி வெடிப்பு விடும். பருத்தியானாலும் மக்காச்சோளமானாலும், உளுந்து, பாசி, கம்பு, கொத்தமல்லி எதுவானாலும் இந்தச் சில நாட்களில் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும்.

அந்த நாளில் டிராக்டரின் சாவியைத் திருப்பியதும் "டக்" என்ற ஒற்றைச் சத்தத்தோடு அது நின்றுவிட்டால் என்ன செய்வது? வாடகைக்கு வேறு டிராக்டர் பிடிக்கலாம் என்றால், ஊரில் அத்தனை பேருக்கும் அன்றுதான் உழவு. வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டர்களுக்கும் அன்று முறை காத்திருக்க வேண்டும். டவுனிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து பார்ப்பதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ போய்விடும்.

கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டி மழை நாளில் கிளம்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் என்ஜின் காரணமாக இருப்பதில்லை. மின்சாரத்தில்தான் கோளாறு இருக்கும். அதிலும் விலை உயர்ந்த பாகத்தில் கோளாறு இருப்பது குறைவு. பாட்டரி முனையில் பூத்த உப்பு, துருப்பிடித்த எர்த் ஒயர், தளர்ந்த பெல்ட், எலி கடித்த ஒயர் போன்ற சின்ன விஷயங்களே பெரிய பாகங்களை மாற்றும் செலவுக்கு ஆளை இழுத்து விடுகின்றன. பொருளை மாற்றுமுன் மின்சாரம் வரும் வழியைச் சோதிக்க வேண்டும் என்பதே இதில் முதல் பாடம்.

மின்சாரம் போய் வரும் வழி

வண்டியின் மின் அமைப்பைக் கண்மாய்ப் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பாட்டரி கண்மாய். செல்ப் மோட்டாரும் விளக்குகளும் அதில் பாயும் வயல்கள். என்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுற்றும் ஆல்டர்னேட்டர் கண்மாயை நிரப்பும் வரத்துக்கால். பழைய வண்டிகளில் இந்த வேலையை டைனமோ செய்தது. ஒயர்கள் வாய்க்கால்கள். கண்மாய் நிறைந்திருந்தும் மடை அடைத்திருந்தால் வயலுக்குத் தண்ணீர் வராது. வரத்துக்கால் தூர்ந்திருந்தால் நிறைந்த கண்மாயும் சில நாளில் வற்றிவிடும்.

ஒன்றில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது. மின்சாரம் போனால் போதாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். வண்டியில் திரும்பும் வழிக்குத் தனி ஒயர் பெரும்பாலும் கிடையாது. என்ஜினும் சேஸிஸும் ஆகிய இரும்பே திரும்பும் வழி. அதைத்தான் எர்த் என்கிறோம். போகும் ஒயரை எல்லோரும் பார்ப்பார்கள், திரும்பும் வழியைப் பலர் பார்ப்பதில்லை.

பிரான்ஸ் நாட்டு கஸ்டோன் பிளான்டே 1859ஆம் ஆண்டில் கண்டுபிடித்த ஈய அமில பாட்டரியின் முறையே இன்றும் நம் வண்டிகளில் உள்ளது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ப் மோட்டார் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். நம் மாநிலத்திலேயே சென்னை பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை செல்ப் மோட்டார்களையும் ஆல்டர்னேட்டர்களையும் தயாரித்து வருகிறது. உதிரி பாகம் கிடைப்பது இன்று கஷ்டமில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் கஷ்டம் இருக்கிறது.

விளக்கு எரிகிறது, செல்ப் சுற்றவில்லை

"விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பாட்டரி நன்றாக இருக்கிறது, செல்ப்தான் போய்விட்டது" என்று முடிவு கட்டுவது வழக்கம். இது தவறான கணக்கு.

இரண்டு முன் விளக்குகளும் சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். டீசல் என்ஜினைச் சுற்றும் செல்ப் மோட்டாரோ 200 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். பாட்டரி முனையில் உப்பு பூத்து, ஓம் என்னும் மின்தடை அளவில் நூறில் ஒரு பங்கு மட்டும் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கு எரியும்போது அந்த இடத்தில் இழப்பாவது பத்தில் ஒரு வோல்ட். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. செல்ப் போடும்போது அதே இடத்தில் 2 வோல்ட் இழப்பாகிவிடும். செல்ப் மோட்டார் பலமிழந்து நின்றுவிடும். சின்ன அடைப்பு சின்ன ஓட்டத்தைத் தடுப்பதில்லை, பெரிய ஓட்டத்தைத்தான் தடுக்கிறது. எனவே விளக்கு எரிவது பாட்டரிக்கோ முனைக்கோ நற்சான்று ஆகாது.

சாவியைத் திருப்பும்போது எழும் சத்தமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

"டக்" என்று ஒரே சத்தம்: செல்ப் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் வரவில்லை. முனைகள், எர்த் ஒயர், பாட்டரி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால் மட்டுமே செல்ப் மோட்டாரையும் அதன் மேலுள்ள சொலினாய்டையும் சந்தேகிக்க வேண்டும்.

"டக்டக்டக்" என்று தொடர் சத்தம்: பாட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது முனை தளர்ந்திருக்கிறது.

சத்தமே இல்லை: சாவி சுவிட்ச், பியூஸ், சொலினாய்டுக்கு வரும் சிறு ஒயர் இவற்றில் ஒன்று. பல டிராக்டர்களில் கிளட்ச் மிதித்தாலோ கியர் நியூட்ரலில் இருந்தாலோதான் செல்ப் வேலை செய்யும்படி பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

"கிர்" என்று செல்ப் மட்டும் சுற்றி என்ஜின் சுற்றவில்லை: இது மின் கோளாறு அன்று. செல்ப்பின் பல்சக்கரம் என்ஜினோடு கோத்துக்கொள்ளவில்லை. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, கிளம்பவில்லை: டீசலைப் பார்க்க வேண்டும். நிறுத்தும் கம்பி இழுத்த நிலையில் இருக்கலாம், டீசல் குழாயில் காற்று இருக்கலாம். இதற்காகச் செல்ப்பைப் போட்டுக்கொண்டே இருந்தால் நல்ல பாட்டரியும் தீர்ந்து, செல்ப்பும் சூடாகிக் கெடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் போடக் கூடாது. மறுபடி போடுமுன் ஒரு நிமிடமாவது இடைவெளி விட வேண்டும்.

மல்டிமீட்டர் ஒன்று விவசாயி வீட்டில் இருப்பது நல்லது. ஒருவர் செல்ப் போட, மற்றவர் பாட்டரியின் மைனஸ் முனைக்கும் என்ஜினின் சுத்தமான இரும்புக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் கோளாறு. பிளஸ் முனைக்கும் செல்ப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அதேபோல் அளந்தால் போகும் வழி தெரியும். மீட்டர் இல்லாவிட்டால், இரண்டு மூன்று தடவை செல்ப் போட்டுவிட்டு, சாவியை மூடியபின் முனைகளைத் தொட்டுப் பார்க்கலாம். எந்த முனை சூடாக இருக்கிறதோ அங்கேதான் தடை இருக்கிறது.

சுத்தம் செய்யும் முறை: முதலில் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும், பிறகு பிளஸ். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை விட்டு உப்பைக் கரைக்க வேண்டும். அந்த நீர் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. கம்பிப் பிரஷ்ஷால் முனையையும் ஒயரின் வளையத்தையும் ஈயம் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி மாட்டி, அதன் மேல் வாசலின் தடவ வேண்டும். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். எர்த் ஒயர் சேஸிஸில் போல்ட் போட்ட இடத்தில் பெயிண்டும் துருவும் நீங்கும்வரை சுரண்டுவது அவசியம்.

பாட்டரியின் நாடி

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12 வோல்ட் பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 இருந்தால் முக்கால் அளவு, 12.2 இருந்தால் பாதி, 12க்கு வந்துவிட்டால் ஏறக்குறையக் கால் அளவுதான் மிச்சம். செல்ப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலமிழந்துவிட்டது, அல்லது சார்ஜ் போதவில்லை என்று பொருள். நன்றாகச் சார்ஜ் ஏற்றியபின்னும் அப்படியே விழுந்தால் பாட்டரியின் ஆயுள் முடிந்தது.

மூடி திறக்கும் பாட்டரிகளில் ஆறு அறைகளையும் ஹைட்ரோமீட்டரால் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்து அறைகள் ஒத்திருந்து ஒன்று மட்டும் மிகவும் குறைந்திருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது. சார்ஜ் ஏற்றிப் பயனில்லை.

தண்ணீர் விஷயத்தில் இப்பகுதியினர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். இங்கே பல கிணறுகளிலும் போர்களிலும் வரும் நீர் உப்பு நீர். அதிலுள்ள குளோரைடும் இரும்பும் ஈயத் தகடுகளை அரித்துவிடும். குடிக்க நல்ல தண்ணீர் என்று சொல்லப்படும் நீரும் பாட்டரிக்கு ஆகாது. காய்ச்சி வடித்த நீரை மட்டுமே, தகடுகளுக்கு மேல் ஒரு செ.மீ. அளவு நிற்கும்படி விட வேண்டும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய ஆசிட் ஊற்றக் கூடாது.

சும்மா நின்றாலும் பாட்டரி இறங்கும். வெப்பம் கூடக் கூட இறங்கும் வேகமும் கூடும். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. இதோடு வண்டியில் பாட்டு செட், போன் சார்ஜர், இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவை சாவியை மூடியபின்னும் சிறிது மின்சாரம் இழுப்பதுண்டு. ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகிறது. 60 நாட்களில் 72 ஆம்பியர்-மணி. 75 ஆம்பியர்-மணி பாட்டரி அத்தோடு தீர்ந்தது.

ஆகவே வேலையில்லாத மாதங்களில் மைனஸ் ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது. மாதம் ஒருமுறை மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு வேகம் போதும். 75 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 7 அல்லது 8 ஆம்பியர். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் என்ஜினை ஓட்டி நிறுத்துவதால் இறங்கிய பாட்டரி நிறைந்துவிடாது.

சார்ஜ் ஏறாவிட்டால்

சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிந்து, என்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியாவிட்டால் அந்தச் சின்ன பல்பு போயிருக்கலாம். பல ஆல்டர்னேட்டர்கள் அந்தப் பல்பு வழியே வரும் மின்சாரத்தால்தான் விழித்துக்கொள்கின்றன. சில ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே கழற்றிய கதைகள் பட்டறைகளில் உண்டு.

என்ஜின் ஓடும்போதும் விளக்கு அணையாவிட்டால் முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் இறங்குவது சரி. அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும். பெல்ட் சரியாக இருந்தால் என்ஜினைச் சற்று வேகமாக ஓட்டிப் பாட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரிகளில் இது இரு மடங்கு. 13க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரியின் நீரைக் கொதிக்க வைக்கிறது. நீர் அடிக்கடி குறைவதே இதற்கு அடையாளம்.

என்ஜின் ஓடும்போது பாட்டரி முனையைக் கழற்றி, என்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் அதன் டயோடுகளும், புது வண்டிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரு நொடியில் கெட்டுவிடலாம். அதேபோல் வண்டியிலோ அதில் கோத்த டிரெய்லரிலோ வெல்டிங் செய்யுமுன் பாட்டரி ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளில் சாவியை மூடியபின் சில நிமிடம் பொறுத்தே பாட்டரியைத் துண்டிக்க வேண்டும்.

இரண்டு பாட்டரிகளை வரிசையாகக் கோத்த 24 வோல்ட் லாரிகளில், பாட்டு செட்டுக்காக ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கக் கூடாது. அந்த ஒன்று மட்டும் இறங்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கெடும். மாற்றும்போதும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை.

எலியும் பியூஸும்

தானியமும் பருத்திக்கொட்டையும் வைத்த கொட்டகையிலேயே டிராக்டரும் நின்றால் எலி ஒயரைக் கடிக்காமல் விடாது. மழைக்கு முன் டாஷ்போர்டுக்குப் பின்னும், பாட்டரிப் பெட்டியைச் சுற்றியும், என்ஜினை ஒட்டியும் ஒயர்களைப் பார்த்துவிட வேண்டும். கடித்த இடத்தை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மழையில் பச்சை பூத்து மறுபடி அறுந்துவிடும். ஈயப் பற்று வைத்துச் சுற்றுவதே நிலையான வேலை.

ஒரே பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் குற்றம் பியூஸில் இல்லை. எங்கோ ஒயர் இரும்பில் உரசுகிறது. தகடு பியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்புப் போன இடத்தில் பச்சை போடுவதும், கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ சுற்றுவதும் ஒயரையே பியூஸாக்கும் வேலை. வைக்கோலோ பருத்திப் பொதியோ ஏற்றிய வண்டியில் ஒயர் பற்றிக்கொண்டால் வண்டியும் பாரமும் சேர்ந்து போகும். கூடுதல் வெளிச்சத்துக்கு 100 வாட் பல்பு போடுவோர் தடித்த தனி ஒயரும் ரிலேயும் போடாமல் அதைச் செய்யக் கூடாது.

டிரெய்லரின் பின் விளக்கு

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்கு வழிச் சாலை அருப்புக்கோட்டை வழியே போகிறது. பாரம் ஏற்றிய டிராக்டர் இருட்டில் அந்தச் சாலையில் மெதுவாக ஊரும்போது, பின்னால் வேகமாக வருபவருக்கு அதைக் காட்டுவது பின் விளக்கு ஒன்றே. பல டிரெய்லர்களில் விளக்கு உண்டு, எரிவதில்லை. அல்லது மங்கி, பிரேக் பிடித்தால் எல்லாம் சேர்ந்து மினுக்குகிறது. காரணம் எர்த். டிரெய்லரின் மின்சாரம் கொக்கியும் ஊசியும் வழியே திரும்ப வேண்டியிருக்கிறது. துருவும் கிரீஸும் பூசிய அந்த இடத்தில் மின்சாரம் சரியாகப் போகாது. டிரெய்லரிலிருந்து டிராக்டர் சேஸிஸுக்கு ஒரு தனி எர்த் ஒயர் போட்டு, பிளக்கிலேயே சேர்த்துவிட்டால் தீர்ந்தது. சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டையும் ஒட்டுவது நல்லது. விளக்கு அணைந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

உயிருக்கு ஆபத்தானவை

செல்ப் வேலை செய்யாதபோது தரையில் நின்றபடி ஸ்குரூ டிரைவரால் சொலினாய்டின் இரு போல்ட்டுகளையும் தொட்டுக் கிளப்பும் பழக்கம் ஊர்தோறும் இருக்கிறது. அப்படிச் செய்யும்போது கிளட்ச், கியர் பாதுகாப்பு சுவிட்ச் எதுவும் காவல் நிற்காது. வண்டி கியரில் இருந்தால் என்ஜின் கிளம்பிய அதே நொடி நகரும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நிற்பவர் மேல் பெரிய சக்கரம் ஏறிவிடும். உலகெங்கும் டிராக்டர்க்காரர்கள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். எவ்வளவு அவசரமானாலும் இருக்கையில் அமர்ந்தே கிளப்ப வேண்டும்.

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், பாட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. இரவில் நீர் மட்டம் பார்க்க டார்ச் விளக்கே போதும். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரிடம் போக வேண்டும்.

வேறு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பும்போது இரண்டும் ஒரே வோல்ட்டாக இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் டிராக்டருக்குக் கொடுக்கக் கூடாது. முதலில் பிளஸ்ஸுக்குப் பிளஸ் இணைக்க வேண்டும். அடுத்து நல்ல பாட்டரியின் மைனஸ். அந்த ஒயரின் மறுமுனையை இறங்கிய பாட்டரியில் வைக்காமல், அதற்குத் தள்ளி என்ஜின் இரும்பில் இணைக்க வேண்டும். கடைசி இணைப்பில் வரும் பொறி வாயுவுக்கு அருகில் வராமலிருக்கவே இந்த முறை.

ஆவணியில் செய்ய வேண்டியவை

விதைப்புக்கு ஒரு மாதம் முன்னரே அரை நாள் ஒதுக்கினால் போதும். முனைகளையும் எர்த்தையும் சுத்தம் செய்தல், நீர் மட்டம் பார்த்தல், முழுச் சார்ஜ் ஏற்றி மறுநாள் அளத்தல், பெல்ட், சார்ஜ் விளக்கு, பியூஸ், எலி கடி, டிரெய்லர் விளக்கு என்று வரிசையாகப் பார்த்துவிட வேண்டும். அளவுகளை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைப்பது நல்லது. சென்ற ஆண்டு 12.6 காட்டிய பாட்டரி இவ்வாண்டு முழுச் சார்ஜுக்குப் பிறகும் 12.3தான் காட்டுகிறது என்றால், புது பாட்டரிக்குப் பணம் சேர்க்க இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது.

ஆல்டர்னேட்டரின் உட்பகுதி, ரெகுலேட்டர், செல்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ், புது வண்டிகளின் மின்னணுக் கட்டுப்பாடு ஆகியவை பயிற்சி உள்ளவர் வேலை. ஆனால் அந்தத் தாளோடு எலக்ட்ரீஷியனிடம் போகும் விவசாயி, "வண்டி கிளம்பவில்லை" என்று மட்டும் சொல்ல மாட்டார். "முனை சுத்தம், பாட்டரி 12.6, எர்த்தில் இழப்பு இல்லை, செல்ப் மட்டும் சுற்றவில்லை" என்பார். வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். தேவையற்ற பாகம் எதையும் அவர் தலையில் கட்ட முடியாது.